கூட்டு வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது: நான் எந்த மாநிலத்துக் குடிமகள் என்று கேட்கிறார்கள்

கயல்விழி, ஃப்ரீமான்ட் (சனி, இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே விசா, பள்ளிக்கூடம், வருமான வரி பற்றித்தான் கேட்டிருக்கிறேன். இன்று கேட்பது வேறு. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். கணவருக்கு எச்-1பி விசா. நான் எச்-4 வேலை அனுமதியில் ஓர் உணவகக் கிளையில் மூன்று ஆண்டுகள் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்தேன். கிளைகளை நடத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை என்று தினமும் அரை மணி நேரத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். அந்த அரை மணியும் நாங்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நின்றிருப்போம். என்னுடன் வேலை செய்த ஒருவர் எல்லாருக்காகவும் சேர்த்து மாநில நீதிமன்றத்தில் கூட்டு வழக்குப் போட்டார். கடந்த நான்கு ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர் அதில் அடக்கம்.

நிறுவனம் இப்போது வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எங்கள் வழக்கறிஞர்கள் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்தில், வாக்காளர் பதிவு எங்கே, வரி எங்கே கட்டுகிறீர்கள், இங்கேயே நிலையாக வாழும் எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: வழக்குப் பதிவான நாளில் நீங்கள் கலிஃபோர்னியாவின் குடிமகனா, குடிமகளா?

ஆம் என்பதா, இல்லை என்பதா? ஒன்பது ஆண்டு வாடகை ரசீது இருக்கிறது, உரிமம் இருக்கிறது, என் மகள் பிறந்ததும் இங்கேதான். பிறகு எதற்காக இந்தக் கேள்வி? என் பதில் வழக்கைக் கெடுத்துவிடுமோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.


இளங்கோ, சிகாகோ (சனி, நள்ளிரவு)

கயல்விழி, முதலில் பயத்தை விடுங்கள். படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். பொய்யான பிரமாணப் பத்திரம் உங்களுக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. நான் இங்கே தொழிலாளர் தரப்பில் வழக்காடுகிறவன். உங்கள் வழக்கின் கட்டு என் கையில் இல்லாததால் பொதுவாகத்தான் பேச முடியும். உங்கள் வழக்கறிஞரிடம் கேட்பதை இதற்காக விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்களும் ஃபெடரல் நீதிமன்றங்களும் தனித்தனி. மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் நடக்க வேண்டுமானால், வழக்காடுகிறவர்கள் வெவ்வேறு மாநிலத்தவராக இருப்பது ஒரு வழி. 1806-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாக வைத்தது: வாதிகளில் ஒருவர்கூடப் பிரதிவாதிகளில் எவருடைய மாநிலத்தையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. கூட்டு வழக்குகளுக்கு மட்டும் 2005 பிப்ரவரியில் வந்த கூட்டு வழக்கு நியாயச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. வழக்கறிஞர்கள் அதைக் காஃபா என்பார்கள். குழுவில் குறைந்தது 100 பேர், மொத்தக் கோரிக்கை 50 லட்சம் டாலருக்கு மேல், குழுவில் யாராவது ஒரே ஒருவர் பிரதிவாதியின் மாநிலத்தைச் சேராதவர். இவ்வளவு இருந்தால் கதவு திறந்துவிடும். அந்த ஒருவர் வேறு மாநிலத்தவராகவும் இருக்கலாம், வெளிநாட்டுக் குடிமகனாகவும் இருக்கலாம். சொந்த மாநிலத்தில் வழக்குத் தொடுக்கப்பட்ட நிறுவனமும் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை மாற்றிக்கொள்ளலாம்.

எனவே, சொல்ல வருத்தமாக இருக்கிறது, உங்களைப் போன்ற ஒருவர் குழுவில் இருந்தாலே அவர்களுக்குப் போதும். நெவாடாவுக்குக் குடிபெயர்ந்த பழைய ஊழியர் ஒருவர் இருந்தாலும் போதும். ஆகவே உங்களால்தான் இது நடந்தது என்று நினைக்காதீர்கள். 1,400 பேரில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

திரும்பி வரும் வழி வேறு. குழுவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வழக்குத் தொடுத்த மாநிலத்தின் குடிமக்கள், முதன்மைப் பிரதிவாதியும் அதே மாநிலத்தவர் என்று காட்டினால் ஃபெடரல் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தே ஆக வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மூன்றில் இரண்டுக்குக் கீழ் என்றால் நீதிபதியின் விருப்பம். 1,400-இல் மூன்றில் இரண்டு என்றால் 934 பேர். அந்த 934-ஐக் காட்டத்தான் உங்களுக்குப் படிவம் வந்திருக்கிறது.


கயல்விழி, ஃப்ரீமான்ட் (ஞாயிறு, காலை)

மிக்க நன்றி ஐயா. நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அப்படியானால் நான் கலிஃபோர்னியாவின் குடிமகள் இல்லை என்றுதானே எழுத வேண்டும்? எந்த மாநிலத்துக்கும் இல்லையா?


இளங்கோ, சிகாகோ (ஞாயிறு, காலை)

ஆம், நீங்கள் எந்த மாநிலத்துக்கும் குடிமகள் இல்லை. 1868-இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தின்படி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், அவர் வாழும் மாநிலத்தின் குடிமகனும் ஆவார். முதற்படி இல்லாமல் இரண்டாவது படி இல்லை. நீங்கள் இந்தியக் குடிமகள். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும் இந்தக் கணக்கில் அதே நிலைதான். மொத்த எண்ணிக்கையில் உங்களைச் சேர்ப்பார்கள், மூன்றில் இரண்டில் சேர்க்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் நிலையாகத் தங்கிவிட்டால் அவரும் எந்த மாநிலத்தவரும் அல்லர். வெனிசுவேலாவில் குடியேறிய அமெரிக்கர் ஒருவர் தொடர்பாக 1989-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. இவ்வகை வழக்குகளுக்கு அவர் மாநிலமற்றவர்.


திருநாவுக்கரசு, மதுரை (ஞாயிறு, மாலை)

ஓய்வுபெற்ற வழக்கறிஞன் என்ற முறையில் இந்த இழையை ஆவலோடு படிக்கிறேன். நம் நாட்டில் இந்தச் சிக்கலே எழாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, எட்டாவது விதிப்படி பலருக்காக ஒருவர் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் முன்சீப் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. வாதி மதுரைக்காரரா மைசூர்க்காரரா என்பது நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தீர்மானிப்பதில்லை. குடியுரிமையும் ஒன்றுதான். 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமிசைல் (நிலையான வாழ்விடம்) என்பது இந்தியாவுக்கு ஒன்றுதான், மாநிலத்துக்கு ஒன்று என்று பேசுவது சரியல்ல என்று அழுத்தமாகவே சொன்னது.

என் ஐயம் இதுதான். இங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்றோ பிறப்பிடச் சான்றோ வேண்டுமானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறோம். அங்கே அப்படிச் சான்று தரும் அதிகாரி யார்?


இளங்கோ, சிகாகோ (ஞாயிறு, இரவு)

அப்படி ஒருவரும் இல்லை ஐயா. உங்கள் கேள்வியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

மாநிலக் குடியுரிமை என்பது டொமிசைல்: ஓரிடத்தில் வாழ்வது, அங்கேயே இருந்துவிடும் எண்ணத்தோடு வாழ்வது. இரண்டும் சேர வேண்டும். நாம் “இருக்கிறது கோயம்புத்தூர், சொந்த ஊர் காரைக்குடி” என்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கருத்து இது. சொந்த ஊர் மாறாது. டொமிசைல் மாறும், ஆனால் புதிய ஊரில் கால் வைத்து, இனி இதுதான் என்று மனமும் வைத்தால்தான் மாறும். அதுவரை பழையதே தொடரும். கால் வைத்ததற்கு வாடகை ஒப்பந்தம் சாட்சி. மனம் வைத்ததற்கு எது சாட்சி? ஒருவருடைய வழக்கு என்றால் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். 1,400 பேரை எப்படிக் கேட்பது?

ஏழாவது சர்க்யூட்டில், அதாவது என் ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், 2010-இல் ஸ்பிரின்ட் நெக்ஸ்டெல் வழக்கு வந்தது. குறுஞ்செய்திக் கட்டணம் பற்றியது. கான்சாஸ் கைப்பேசி எண், கான்சாஸ் முகவரிக்குக் கட்டணச் சீட்டு. இவை உள்ளவர்களே குழு. அவர்களில் மூன்றில் இரண்டு பேராவது கான்சாஸ்காரர்களாக இருக்க மாட்டார்களா? தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் இருப்பார்கள் என்பார். நீதிமன்றம், அது அறிவுக்கு ஒத்த ஊகம், ஆனாலும் ஊகம்தான் என்றது. ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கலாம், சிலரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கியிருக்கலாம், இல்லாவிட்டால் குழுவையே கான்சாஸ் குடிமக்கள் என்று வரையறுத்திருக்கலாம் என்றும் சொல்லி, சான்று தர மறுவாய்ப்புக் கொடுத்தது.

கயல்விழிக்கு நேரடியாகப் பொருந்துவது, கலிஃபோர்னியாவுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட்டின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கேஎஃப்சி கிளைகளை நடத்திய கலிஃபோர்னிய நிறுவனத்தின் மீது மணிக்கணக்கு ஊழியர்கள் தொடுத்த வழக்கு. ஊழியர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பேரின் கடைசி முகவரி கலிஃபோர்னியாதான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அப்படியும் போதவில்லை. முகவரி பழையதாக இருக்கலாம், சிலர் மாநிலத்தை விட்டுப் போயிருக்கலாம், சிலர் அமெரிக்கக் குடிமக்களாகவே இல்லாமல் இருக்கலாம். முகவரிக் கணக்கே சரியாக மூன்றில் இரண்டில் நின்றால் இந்தக் கழிவுகளுக்கு இடம் எங்கே என்று கேட்டது நீதிமன்றம். உங்கள் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் படிவம் அனுப்பியிருக்கிறார்கள்.


அருள், டாலஸ் (திங்கள், காலை)

ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

காஃபா காரணமில்லாமல் வரவில்லை. இலினாய்ஸின் மேடிசன் கவுன்ட்டி போன்ற சில மாவட்ட நீதிமன்றங்களில் நாடு முழுவதற்குமான வழக்குகளைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். வழக்கறிஞர்களுக்குப் பெருந்தொகை, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தள்ளுபடிச் சீட்டு என்று சமரசங்கள் நடந்தன. நாடு தழுவிய விவகாரத்தை ஒரு கவுன்ட்டி நீதிபதி தீர்மானிப்பது சரியா? மேலும், விதிவிலக்கைக் கேட்பவர்தான் அதற்குச் சான்று தர வேண்டும் என்பது சாதாரண நியாயம். ஒருவர் நாலு வருடத்துக்கு முன்பு கொடுத்த முகவரியை வைத்துக்கொண்டு இன்று அவர் மனத்தில் என்ன நினைக்கிறார் என்று சொல்வது சான்றாகுமா?


இளங்கோ, சிகாகோ (திங்கள், மதியம்)

அருள் தம்பி, மேடிசன் கவுன்ட்டி பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கயல்விழியின் வழக்கு நாடு தழுவியதா? கலிஃபோர்னியக் கடை, கலிஃபோர்னியச் சம்பளச் சட்டம், கலிஃபோர்னிய நிறுவனம். இப்படிப்பட்ட வழக்குகள் மாநிலத்திலேயே இருக்கட்டும் என்றுதான் நாடாளுமன்றம் அந்த விதிவிலக்கை எழுதியது. சான்றுப் பொறுப்பு அந்த விதிவிலக்கை விழுங்கிவிடக் கூடாது.

என்னை நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. நிறுவனத்தின் மாநிலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெர்ட்ஸ் எதிர் ஃப்ரெண்ட், 2010. அதுவும் கலிஃபோர்னிய ஊழியர்களின் சம்பள வழக்குத்தான். கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் கலிஃபோர்னியாவில் பெரிய அளவில் தொழில் செய்தது; தலைமை அலுவலகம் நியூஜெர்சியின் பார்க் ரிட்ஜில். பதிவான மாநிலம் ஒன்று, உயர் அதிகாரிகள் இருந்து ஆட்டுவிக்கும் நரம்பு மையம் உள்ள மாநிலம் இன்னொன்று, அவ்வளவுதான் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதிகார வரம்பு பற்றிய விதி எளிமையாக இருக்க வேண்டும், அதிலேயே காலமும் பணமும் கரையக் கூடாது என்பது நீதிபதி பிரையர் சொன்ன காரணங்களில் ஒன்று. நல்ல காரணம். அந்த எளிமை ஏன் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை? நிறுவனத்துக்கு அலுவலக வாசற்பலகை போதும். ஊழியர் மனத்தைத் திறந்து காட்ட வேண்டும்.


மெய்யப்பன், ஆன் ஆர்பர் (திங்கள், இரவு)

இளங்கோ அண்ணன் சொல்லும் எளிமையை ஒரு நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. எங்கள் மிச்சிகன் வழக்கு என்பதால் உன்னிப்பாகக் கவனித்தேன்.

2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் டெட்ராய்ட்டிலிருந்து வந்த குடிநீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் விட்டதால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கலந்தது. 2016 ஜனவரியில் அந்நகர மக்கள் சிலர், ஆலோசனை வழங்கிய பொறியியல் நிறுவனங்கள் மீது ஜெனஸி கவுன்ட்டி நீதிமன்றத்தில் கூட்டு வழக்குப் போட்டார்கள். நிறுவனங்கள் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றின. குழுவின் வரையறை ஃபிளின்டில் வசிப்போர், சொத்து உடையோர் என்று இருந்தது. வசிப்போர் என்றால் குடிமக்கள் ஆகிவிடுவார்களா என்பதே நிறுவனங்களின் வாதம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஆறாவது சர்க்யூட், ஒருவர் ஓரிடத்தில் வசித்தால் அதுவே அவருடைய டொமிசைல் என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்பவர் மறுசான்று காட்டட்டும் என்றது. நிறுவனங்கள் மறுசான்று எதுவும் காட்டவில்லை. வழக்கு மாநில நீதிமன்றத்துக்குத் திரும்பியது. மூவரில் ஒருவர் மாறுபட்டார் என்றாலும் பெரும்பான்மை சொன்னதுதான் இங்கே சட்டம்.

நான் அந்நாட்களில் ஃபிளின்டுக்குத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவன். குழாயில் பழுப்பு நீர் வரும் வீட்டில், விற்றுவிட்டுப் போகவும் வழியில்லாமல் இருப்பவரிடம் போய், நீங்கள் இங்கேயே நிலையாக இருக்க எண்ணுகிறீர்களா என்று படிவம் நீட்டியிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்? போய்விட வேண்டும் என்றுதான் தவித்திருப்பார். ஆனாலும் அவர் மிச்சிகன்காரர்தான்.


அருள், டாலஸ் (செவ்வாய், காலை)

மெய்யப்பன், ஃபிளின்ட் ஒரு நகரம். அங்கே வசிப்போர் என்று வரையறுக்கலாம். கார் வாங்கியவர்கள் என்று வரையறுத்தால்? ஒன்பதாவது சர்க்யூட் 2013-இல் அதைத்தான் பார்த்தது. கலிஃபோர்னியாவில் கார் வாங்கி அங்கேயே பதிவு செய்தவர்கள் என்பது குழு. வாதி வேறு சான்று எதுவும் தரவில்லை, வரையறையே சான்று என்றார். படைவீரர்கள், வெளிமாநில மாணவர்கள், இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கலிஃபோர்னியாவில் கார் பதிவு செய்வார்களே, அவர்கள் கலிஃபோர்னியக் குடிமக்களா என்று நீதிமன்றம் கேட்டது சரியான கேள்வி. ஏதாவது ஒரு சான்று வேண்டும் என்றுதானே சொன்னது? உறுதியாக நிரூபி என்று சொல்லவில்லை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கு வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும் என்றது. சான்று தேட மறுவாய்ப்பும் கொடுத்தது.

ஹெர்ட்ஸ் ஒப்பீடு யோசிக்க வைக்கிறது. அதை மறுக்கவில்லை.


பத்மா, பேட்டன் ரூஜ் (செவ்வாய், மாலை)

மாணவர் என்றதும் எங்கள் ஊர் வழக்கு நினைவுக்கு வருகிறது. 1974, மாஸ் எதிர் பெர்ரி. சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே படித்துவிடுவார்கள். கணவர் பிரெஞ்சுக்காரர், மனைவி மிசிசிப்பிப் பெண். இருவரும் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவர்கள். வீட்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து அவர்களை வேவு பார்த்தார். மனைவி எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி எழுந்தது. படிப்புக்காக லூசியானாவில் இருந்தார், நிலையாகத் தங்கும் எண்ணமில்லை, ஆகவே அவர் இன்னும் மிசிசிப்பிக்காரர் என்றது நீதிமன்றம். மிசிசிப்பிக்குத் திரும்பும் எண்ணமும் அவருக்கு இல்லை! புதியதைப் பெறாதவரை பழையது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த விதி இங்கே பின்னொரு நாளில் பலரைக் காப்பாற்றியது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தபோது நான் இதே ஊரில்தான் இருந்தேன். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கூடத்தில் பதினோரு நாள் தங்கியது. பிறகு ஹூஸ்டன் போனார்கள், பிறகு அட்லான்டா. நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனைகளில் வெள்ளத்தின் நடுவே கைவிடப்பட்ட நோயாளிகளும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் கூட்டு வழக்குகள் தொடுத்தார்கள். 2007-இல் ஐந்தாவது சர்க்யூட்டில் இரண்டு வழக்குகள். ஒன்றில் கட்டணச் சீட்டு முகவரிகள் மட்டும் போதாது என்று வாதிகள் தோற்றார்கள். மற்றொன்றில் நோயாளிப் பதிவேட்டு முகவரிகளோடு, இப்போது வெளியூரில் இருந்தாலும் திரும்பி வருவோம் என்று சிலர் கொடுத்த பிரமாணப் பத்திரங்களும் சேர்ந்தன. அங்கே தேவைப்பட்டது மூன்றில் ஒரு பங்கு மட்டும். பழைய டொமிசைல் தொடரும் என்ற விதியையும் சேர்த்துப் பார்த்து, வழக்கைத் திருப்பி அனுப்பியது சரி என்றது நீதிமன்றம்.

எங்கள் வீட்டில் தங்கிய அந்த அம்மா, சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றவே இல்லை. வீடு மூழ்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.


ரஹ்மத், ஹூஸ்டன் (செவ்வாய், இரவு)

புள்ளியியல் என் தொழில். இத்தகைய கணக்கெடுப்பு ஒன்றில் வேலை செய்திருக்கிறேன். கணக்கு கடினமில்லை, மனிதர்கள்தான் கடினம்.

1,400 பேரில் 200 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கேட்கிறோம் என்று வையுங்கள். அவர்களில் 76 விழுக்காட்டினர் அமெரிக்கக் குடிமக்கள், கலிஃபோர்னியாவில் நிலையாக இருக்க எண்ணுகிறவர்கள் என்று வந்தால், பிழை வரம்பு இரு பக்கமும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு. கீழ் எல்லை 70. மூன்றில் இரண்டைத் தாண்டிவிட்டது. 70 விழுக்காடு என்று வந்தால் கீழ் எல்லை 64-க்குப் போய்விடும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இளங்கோ சார் சொன்ன கேஎஃப்சி வழக்கின் பாடம் இதுதான்: கோட்டின் மேலேயே நிற்கக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், 200 கடிதம் போட்டால் எண்பது திரும்பி வரும். வீடு மாறாதவர்தான் பதில் போடுவார். மாநிலத்தை விட்டுப் போனவருக்குக் கடிதமே சேராது. அப்போது பதில் போட்டவர்களை மட்டும் வைத்துச் சொன்னால், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று எதிர்த்தரப்பின் நிபுணர் சொல்வார், சொல்வதும் சரிதான். ஆகவே குறைவான பேரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவரையும் விடாமல் தேடிப் பிடிப்பது நல்லது. 120 பேரில் 110 பேரைப் பிடித்துவிட்டால், 600 பேரில் 150 பதிலைவிட அதற்கு மதிப்பு அதிகம். பிறகு வாக்காளர் பதிவேடு, சொத்து வரிச் சலுகைப் பதிவு, உரிமம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். வாக்காளர் பதிவு தனிச் சிறப்பு வாய்ந்தது, ஏனென்றால் குடியுரிமை, வசிப்பிடம் இரண்டையும் அது ஒரே சமயத்தில் காட்டுகிறது.

கயல்விழி அக்கா, உங்கள் படிவத்தைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இல்லை என்ற உண்மையான பதிலும் கணக்கெடுப்பின் நம்பகத்தை உயர்த்தும்.


கயல்விழி, ஃப்ரீமான்ட் (புதன், இரவு)

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதியிருப்பதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

இன்று வழக்கறிஞர் அலுவலகத்தில் பேசினேன். நான் ஒன்று கேட்டேன்: என்னைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களை விட்டுவிட்டு, கலிஃபோர்னியக் குடிமக்கள் மட்டும் என்று குழுவை மாற்றினால் வழக்குச் சுலபமாகத் திரும்பிவிடுமே, நான் விலகிக்கொள்ளட்டுமா? அந்தப் பெண் வழக்கறிஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அப்படிச் செய்ய மாட்டோம் என்றார். ஏன் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. இளங்கோ ஐயா, அது முடியாத காரியமா, அல்லது எனக்காகச் சொன்னாரா?


இளங்கோ, சிகாகோ (வியாழன், காலை)

இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வழக்குப் போடும்போதே அப்படி வரையறுப்பது வலுவான வழி. தென் கரோலினாவில் அட்வான்ஸ் அமெரிக்கா என்ற சம்பளநாள் கடன் நிறுவனத்தின் மீது 2008-க்கு முன்பு அப்படித்தான் வழக்குப் போட்டார்கள். கடன் வாங்கிய தென் கரோலினாக் குடிமக்கள் மட்டும் என்பது குழு. நிறுவனம் டெலவேரில் பதிவானது, தலைமையகம் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில். நான் டெலவேர்க்காரனும்தானே, ஆகவே மாநிலம் வேறு என்று வாதிட்டுப் பார்த்தது. இரண்டு மாநிலக் குடியுரிமை இருந்தால் இரண்டும் சேர்ந்தே உன்னைக் கட்டும், வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்று நான்காவது சர்க்யூட் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

வழக்கு மாறிய பிறகு வரையறையைச் சுருக்குவது வேறு கதை. 2017-இல் ஒரு கலிஃபோர்னிய உணவகம் விசா அட்டை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் அதைத்தான் முயன்றார்கள். ஒன்பதாவது சர்க்யூட் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ராயல் கேனின் வழக்கில், மாற்றத்துக்குப் பிறகு வாதி தன் மனுவிலிருந்து ஃபெடரல் கோரிக்கைகளை நீக்கிவிட்டால் ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகாரமும் போய்விடும் என்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விசா தீர்ப்பை எதிர்த்து வாதிட்டுப் பார்க்க இடமுண்டு.

ஆனால் உங்கள் வழக்கறிஞர் மௌனமாக இருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்காது. வரையறையைச் சுருக்கினால் விழுவது நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர். உணவகச் சமையலறையில் யார் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பச்சை அட்டைக்காரர்கள், விசாக்காரர்கள், ஆவணமே இல்லாதவர்கள். அதே அரை மணி நேரத்தை இழந்தவர்கள். அவர்களை வெளியே தள்ளிவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டும். சில நூறு டாலருக்கு யார் போடுவார்கள்? எதிர்த்தரப்பு விரும்புவதும் அதைத்தான்.


திருநாவுக்கரசு, மதுரை (வியாழன், மாலை)

அம்மா கயல்விழி, ஒரு முதியவன் சொல்கிறேன், விலகாதீர்கள். இளங்கோ, ஆவணமில்லாதவரிடம் நீங்கள் எந்நாட்டுக் குடிமகன் என்று பிரமாணம் கேட்டால் அவர் அஞ்ச மாட்டாரா? அந்தப் பத்திரம் நீதிமன்றப் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்குமே.


இளங்கோ, சிகாகோ (வியாழன், இரவு)

அஞ்சுவார் ஐயா. நான் நடத்திய ஒரு வழக்கில் அதே அச்சத்தால் பாதிப் பேர் தொலைபேசியை எடுக்கவில்லை. இதற்கு முழு மருந்து இல்லை. தனித்தனிப் பத்திரங்களைத் தாக்கல் செய்யாமல், கேட்டறிந்த நிபுணரின் பிரமாணத்தில் எண்ணிக்கையை மட்டும் தரலாம். பெயர்களை மூடி முத்திரையிட நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். கேள்வியையும் ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவும் கலிஃபோர்னியாவில் நிலையாக வாழ எண்ணுபவராகவும் இருந்தால் மட்டும் இங்கே குறியிடுங்கள்’ என்று மாற்றலாம். குறியிடாதவர் ஏன் குறியிடவில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கயல்விழி, இதை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. நீதிபதி திருப்பி அனுப்பினாலும் மறுத்தாலும், தோற்றவர் பத்து நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். ஏற்றுக்கொண்டால் அவர்கள் அறுபது நாளில் முடிக்க வேண்டும். ஆகவே முதல் முடிவோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள்.


அருள், டாலஸ் (வெள்ளி, காலை)

அண்ணன் சொன்ன அந்தக் கேள்வி வடிவம் நன்றாக இருக்கிறது. நான் எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதில் குறை காண்பது கடினம். என்னுடைய அனுபவத்தில் நாங்கள் முதலில் தாக்குவது, வழக்குப் பதிவான தேதியைக் குறிப்பிடாத படிவத்தைத்தான். ‘இப்போது எங்கே வாழ்கிறீர்கள்’ என்று கேட்டால் பயனில்லை. சட்டப்படி பார்க்க வேண்டியது மனு தாக்கலான நாள். படிவத்தில் அந்தத் தேதி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், கயல்விழி.


கயல்விழி, ஃப்ரீமான்ட் (ஞாயிறு, இரவு)

தேதி இருந்தது, அருள். நன்றி. கேள்வியை இளங்கோ ஐயா சொன்னபடியே மாற்றிப் புதுப் படிவம் அடித்துவிட்டார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இருக்கிறது.

நேற்று நூலகத்தின் சிறிய அறையைக் கேட்டு வாங்கி, என்னோடு வேலை செய்த பதினான்கு பேரை வரவழைத்தேன். ஒன்பது பேர் குறியிட்டார்கள். என்னையும் சேர்த்து ஆறு பேர் குறியிடவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. மாவு பிசையும் பகுதியில் இருந்த பெரியவர், அறுபது வயதிருக்கும், ‘நிலையாக வாழ எண்ணுகிறேன்’ என்ற வரியைத் தன் பேத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். முப்பத்தோரு வருடம் ஆகிறது, இதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரஹ்மத் தம்பி சொன்னபடி, முகவரி மாறியவர்களைத் தேட ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். என் பங்குக்கு 23 பெயர்கள். ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு பேர் ஸ்டாக்டனில் இருக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒருவர் நெவாடா போய்விட்டார். அவருக்கும் படிவம் அனுப்பியிருக்கிறேன்.